காகிதத்தில் அகப்படாத படபடப்பு

நாச்சிக்குடா, பூநகரி
14.07.2003

கிளிநொச்சி நல்மனம் இலவச மருத்துவ நிலையத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் நேர்ஸ் அம்மாவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆகவே உறையின்மேல் ‘உயரமான, கண்ணாடி போட்ட, சிரிக்காத நேர்ஸ்’ என்று எழுதியிருக்கிறேன். கடிதம் வந்து சேர்ந்தால் அடையாளம் சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் நபீஸா. போன வியாழக்கிழமை என் கணவர் மஹ்றூபோடு மோட்டார் சைக்கிளில் வந்தவள். வீட்டிலிருந்து புறப்படும்போது நெஞ்சு அடித்த அடியில் சட்டை துடித்தது. என் மகள் றிஸ்பா, மூன்று வயதுப் பிள்ளை, அதை விரல் நீட்டிக் காட்டினாள். வழியில், பரந்தனில் அந்த அடி டக்கென்று நின்றுவிட்டது, சுவிட்சை அணைத்த மாதிரி. அது நின்றதற்கு நான் என்ன செய்ய? நீங்கள் காகிதத்தைக் கிழித்து என் கணவரிடம் நீட்டி, “துடிப்பு எழுபத்தெட்டு. அந்தமாதிரி நல்லா இருக்கு. உங்கட மனிசிக்கு நோய் வருத்தம் நெஞ்சில இல்லைத் தம்பி, மனசில” என்றீர்கள். காத்திருக்கும் வாங்கில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருவர் சிரித்தார்.

நீங்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அந்தச் சொல்லைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் நான்.

தொண்ணூறாம் ஆண்டு எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் வடக்கிலிருந்து வெளியேறச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. புத்தளத்தில் வளர்ந்தேன், படித்தேன், கலியாணம் முடித்தேன். போன வருடம் சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் இவர் தன் வாப்பாவின் வளவைத் தேடி இங்கே வந்தார். பாழ்பட்டுக் கிடந்த கிணற்றைத் தன் கையாலேயே இறைத்துத் துப்புரவாக்கினார். நான் அழுதுகொண்டு வந்தேன், அதை மறைக்கவில்லை. வந்து நாலாம் மாதம் இந்தப் படபடப்புத் தொடங்கியது. “புத்தளத்துக்குத் திரும்பிப் போறதுக்கு இவள் படிச்ச வித்தை” என்று மாமி அன்றைக்கே சொல்லிவிட்டா. இவர் நம்பவில்லை. மூன்று தரம் உங்களிடம் கூட்டிவந்தார். மூன்று தரமும் காகிதம் சுத்தம்.

வியாழக்கிழமை திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் கேட்டார்: “நபீஸா, நீ என்னைப் பேய்க்காட்டுறியோ?”

கலியாணம் முடித்து ஐந்து வருடத்தில் இவர் என்னைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தரம். இனி ‘இந்த ஊர் உப்புத் தண்ணீர் எனக்கு ஒத்துவரவில்லை’ என்றுகூட நான் வாய் திறக்க முடியாது. திறந்தால் நெஞ்சு அடித்ததெல்லாம் பொய்யாகிவிடும்.

காகிதத்தில் இல்லாததெல்லாம் பொய்யா, நேர்ஸ் அம்மா? அதை மட்டும் எழுதுங்கள்.

நபீஸா

*

கிளிநொச்சி
02.08.2003

நபீஸாவுக்கு,

உங்கள் உறை என் மேசைக்கு வருமுன் ஏழு கைகளில் போய்வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனவே அடையாளம் சரிதான். பெயர் நாகேஸ்வரி.

அன்று எடுத்த பதிவில் பிழை இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிறார்கள். அதில் பாதிப் பேருக்கு நெஞ்சு படபடக்கிறது. இந்த மண்ணில் இருந்துவிட்டுப் படபடக்காதவர்தான் அதிசயம். அவர்களுக்கு இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதுதான் மருந்து. உங்களுக்கும் அதையே கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் கொடுத்தது சரியில்லை என்று நினைக்கிறேன். இது நிற்க.

பதில் எழுதுவதற்குக் காரணம் வேறு. ‘சுவிட்சை அணைத்த மாதிரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் வரும் படபடப்பு அப்படி நிற்காது. வண்டி ஓய்வது போல மெல்ல மெல்லத்தான் அடங்கும். இருபத்தாறு வருடத்தில் அந்தச் சொல்லை நான் இரண்டு மூன்று பேரிடம்தான் கேட்டிருக்கிறேன்.

தொடங்குவதும் அப்படித்தானா? என்ன செய்துகொண்டிருக்கும்போது வருகிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? முக்கியமாக, நிற்பதற்குச் சற்றுமுன் என்ன செய்தீர்கள்? மூன்று தரமும் நினைத்துப் பார்த்து எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

நா. நாகேஸ்வரி

*

நாச்சிக்குடா
20.08.2003

நாகேஸ்வரி மிஸ்ஸுக்கு,

இவர் பிடிக்கிற நண்டை ஏற்றிப்போகும் லொறிக்கார வீரகத்தி அண்ணரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் உங்கள் கேள்விக்கு விடை வருமுன் நான் கிழவியாகிவிடுவேன்.

தொடங்குவதும் டக்கென்றுதான். குனிந்து நிமிரும்போது வரும். ஒருநாள் வாளியோடு கிணற்றடியில் நிமிர்ந்தேன், வந்துவிட்டது. றிஸ்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றபோது ஒருநாள் வந்து, கண் இருட்டி, பிள்ளையோடு சரிந்தேன். அதற்குப் பிறகு மாமி பிள்ளையை என் கையில் தருவதில்லை. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வருத்தம். இரண்டு மணித்தியாலம் இருக்கும், சிலவேளை மூன்று.

நிற்பதற்கு முன் நான் ஒன்றும் செய்வதில்லை மிஸ். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கிறேன், அவ்வளவுதான். பரந்தன் சந்தியில் இவர் நிற்பாட்டுவார். அங்கே கணபதி என்பவரின் கடையில் ஐஸ் பெட்டி இருக்கிறது. எங்களைக் கண்டதும் அவரே சோடா உடைத்து வைத்திருப்பார். “குடி, களைச்சுப்போனாய், மூச்சு விடாமக் குடி” என்று இவர் தன் கையால் பிடித்துப் பருக்குவார். சந்தேகப்பட்டாலும் அந்தக் கருணைக்குக் குறைவில்லை. பாதிப் போத்தல் போனதும் ஒரு ஏப்பம் வரும். பிறகு கொஞ்சம் சுகமாக இருக்கும். அங்கிருந்து உங்களிடம் பத்து நிமிஷம்.

எழுதி முடித்துவிட்டு இதைத் திரும்ப வாசித்தேன். மூன்று தரமும் சோடாவுக்குப் பிறகுதான் நின்றிருக்கிறது. இதை எழுதலாமோ என்று யோசித்தேன். சிரிக்காதீர்கள். சிரிக்க மாட்டீர்கள் என்பதுதான் தெரியுமே.

நபீஸா

*

கிளிநொச்சி
05.09.2003

நபீஸா,

சிரித்தேன். தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு வெட்கப்பட்டேன்.

உங்கள் கடிதத்தை டொக்டர் தவராசாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த பாஷையில் எழுதுகிறேன். இதயம் அடிப்பது அதற்குள் ஓடும் சிறு மின்சாரத்தால். அந்த மின்சாரம் மேலறையிலிருந்து கீழறைக்கு வர ஒரு பாதை உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் இரண்டு பாதைகள் இருந்துவிடும், ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால், ஒன்றால் இறங்கி மற்றதால் ஏறி, செக்குமாடு போலச் சுற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நெஞ்சு ஒரு தரம் அடிக்கும். நிமிஷத்துக்கு இருநூறு வரை போகும். குளிர்ந்ததை மூச்சுவிடாமல் விழுங்கினால் தொண்டைப் பக்கத்து நரம்பு இதயத்தைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பில் சுற்று அறுந்துபோகலாம். அறுந்தால் டக்கென்று நிற்கும். நின்ற பிறகு எடுக்கிற ஈ.சி.ஜி.யில் ஒரு தடயமும் இராது.

உங்கள் கணவர் மூன்று தரமும் தன் கையாலேயே சாட்சியை அழித்துவிட்டுத்தான் என்னிடம் கூட்டிவந்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் கொடுத்தது சரியான மருந்து. நான்தான், என்ன குடித்தீர்கள் என்று கேட்க வேண்டியவள், கேட்கவில்லை.

இது டொக்டரின் முடிவு அல்ல, ஊகம்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது காகிதத்தில் பிடித்தால்தான் முடிவு. அடுத்த தரம் வந்தால், மயக்கம் இல்லாத வரைக்கும், ஒன்றும் குடிக்காமல் வாருங்கள். முகம் கழுவவும் வேண்டாம். கண் இருட்டினால் இந்தப் பரீட்சையெல்லாம் வேண்டாம், சோடாவைக் குடியுங்கள்.

நாகேஸ்வரி

*

நாச்சிக்குடா
28.09.2003

மிஸ்,

உங்கள் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். “சாகக் கிடக்கிற ஆளுக்குக் குடிக்கக் குடுக்கக் கூடாதெண்டு எந்த மார்க்கத்தில இருக்கு? அந்த நேர்ஸ் முதல்ல நடிப்பெண்டா, இப்ப தண்ணி குடுக்காதையெண்டுறா” என்று குதித்தார்.

போன செவ்வாய்க்கிழமை படபடப்பு வந்தது. வழியில் கெஞ்சிக்கொண்டே வந்தேன், நிற்பாட்ட வேண்டாம் என்று. பரந்தன் சந்தியில் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வெளிறியிருந்ததாம். நிற்பாட்டிவிட்டார். கணபதியும் சோடாவோடு ஓடிவந்தார். இரண்டு ஆண்கள் சேர்ந்து பருக்கினால் நான் எத்தனை பேரோடு சண்டை பிடிப்பது? ஏப்பம் வந்தது. நின்றுவிட்டது. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். உங்கள் முன்னால் மறுபடியும் எழுபத்தெட்டோடு வந்து நிற்க எனக்கு மனமில்லை.

“நிண்டிட்டுது தானே, பிறகென்ன?” என்கிறார். அவருக்கு நான் உயிரோடு இருந்தால் போதும். எனக்கு அது போதாது. அவர் என்னை நம்ப வேண்டும். மாமி பிள்ளையைத் திருப்பித் தரவேண்டும்.

நபீஸா

*

கிளிநொச்சி
13.11.2003

அன்புள்ள நபீஸா,

நேற்று நீங்கள் இருவரும் போன பிறகு பதிவை மேசையில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டரும் வந்து நின்று பார்த்தார். நிமிஷத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. ஊசிமுனை போல ஒல்லியான, இம்மியும் பிசகாத துடிப்புகள். டொக்டர் உங்கள் கழுத்தில் விரல் வைத்து அழுத்தியபோதும் நான் காகிதத்தை ஓடவிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த இடம் இதில் இருக்கிறது: நூற்றுத் தொண்ணூற்றாறு வேகத்தில் வந்த கோடு சட்டென்று அறுந்து, ஒரு விரற்கடை வெறுமை, பிறகு சாதாரணத் துடிப்பு. இவ்வளவு சுத்தமான பதிவை நான் என் வாழ்நாளில் எடுத்ததில்லை. இதன் பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது.

நான் நேற்றே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வாங்கில் நிறையப் பேர் இருந்தார்கள், வாய் வரவில்லை. அவமானப்படுத்தியது எல்லோர் முன்னாலும். மன்னிப்புக் கேட்பது மட்டும் கடிதத்தில். இது நியாயமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பரந்தனில் எப்படித் தப்பி வந்தீர்கள்?

நாகேஸ்வரி

*

நாச்சிக்குடா
29.11.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இனி மிஸ் இல்லை, அக்காதான். பெருநாள் முடிந்த கையோடு எழுதுகிறேன்.

எப்படித் தப்பினேன் என்று கேட்டீர்கள். நோன்பு, அக்கா! அன்றைக்குப் பதினேழாம் நோன்பு. காலை பத்து மணிக்கு நெஞ்சு தொடங்கியது. பரந்தனில் வழக்கம் போல வண்டி நின்றது, கணபதி போத்தலோடு வந்தார். “நான் நோன்பு” என்றேன். இவருக்கு முகம் மாறிவிட்டது. “வருத்தக்காரருக்கு நோன்பு விடலாம், பிறகு பிடிக்கலாம், குடி” என்றார். “விடலாம், விட்டே ஆகோணுமெண்டு இல்லை. கண் இருட்டேல்லை. இருட்டினாச் சொல்லுறன், ஓடுங்கோ” என்றேன். கணபதி போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, “தங்கச்சி, கோயில் விரதமெண்டா நாங்க இளநி குடிப்பம்” என்று எனக்குச் சமயம் படிப்பித்தார். இவர் வண்டியை எடுத்தார். அந்தப் பத்து நிமிஷமும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது நோன்புக்காகவா, உங்கள் கடிதத்துக்காகவா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் காகிதத்தை இவரிடம் நீட்டியபோது இவர் பார்த்த பார்வையை நீங்கள் கவனித்தீர்களா? வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் உன்னைக் கேட்ட கேள்வியை மறந்திடு” என்றார். மறக்க மாட்டேன், ஆனால் மன்னித்துவிட்டேன். மாமி மட்டும், “காயிதத்தில கோடு கீறுறது பெரிய வேலையே?” என்கிறா. பிள்ளை இன்னும் அவாவிடம்தான்.

டொக்டர் தந்த குளிசையால் தலை சுற்றுகிறது, ஆனாலும் பெருநாளன்று மறுபடியும் வந்தது. கொழும்பில் இதற்கு முழுதாக ஒரு வைத்தியம் இருக்கிறது என்றாரே? தொடையிலிருந்து இதயம் வரைக்கும் வயர் விடுவார்களாம், உள்ளே சுடுவார்களாம், ஆள் முழித்திருக்குமாம். ஆண் டொக்டராம். கேட்டதிலிருந்து எனக்கு வருத்தம் வராமலே நெஞ்சு படபடக்கிறது. நீங்கள் கண்டிருக்கிறீர்களா, அக்கா?

உங்கள் தங்கை
நபீஸா

*

கிளிநொச்சி
10.01.2004

அன்புள்ள தங்கச்சி நபீஸா,

நான் கண்டதில்லை. அதுதான் உண்மை. இருபத்தாறு வருடமும் இதயம் உள்ளே செய்வதை வெளியிலிருந்து காகிதத்தில் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். உள்ளே போய்ப் பார்த்து, அங்கேயே திருத்திவிட்டு வருகிறார்கள் என்பதைப் புத்தகத்தில் வாசித்தபோது மெய் சிலிர்த்தது. நெஞ்சைப் பிளக்காமல், ஒரு தையல்கூடப் போடாமல்! கொழும்பில் அண்மையில்தான் தொடங்கியிருக்கிறார்கள். டொக்டர் கடிதம் எழுதி மார்ச் மாதத்தில் நாள் எடுத்துவிட்டார்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். சுட வேண்டிய மெதுவான பாதைக்கும் நல்ல பாதைக்கும் இடையில் ஒரு விரற்கடைகூட இல்லை. நூற்றில் ஒருவருக்கு நல்ல பாதையில் சூடு பட்டுவிடலாம். பட்டால் ஆயுள் முழுக்க நெஞ்சுக்குள் இதயத்தை அடிக்கவைக்கும் பற்றரி வைத்திருக்க வேண்டும். மற்றத் தொண்ணூற்றொன்பது பேரில் அநேகமாக எல்லோரும் சுகப்படுகிறார்கள். போவதா விடுவதா என்பதை நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் கணவருமல்ல, நானுமல்ல.

வெட்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வோர்டுப் பொறுப்பாளருக்கு நானே கடிதம் எழுதிக் கேட்டேன். உங்களை ஆயத்தப்படுத்துவது பெண் நேர்ஸ்தான். உடம்பு முழுக்கப் பச்சைத் துணியால் மூடியிருக்கும், நாலு விரல் அகலம்தான் திறந்திருக்கும். டொக்டர் பார்ப்பது திரையை, உங்களை அல்ல. தமிழ் பேசுகிற ஒரு நேர்ஸ் இருக்கிறாவாம், வவுனியாப் பிள்ளை, பெயர் மேனுகா.

போனால் எனக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கிடக்காதீர்கள். எல்லாவற்றையும் பார்த்து, ஒன்றும் விடாமல் எழுதுங்கள். எனக்கு அந்த அறைக்குள் வர வேறு வழியில்லை.

அக்கா நாகேஸ்வரி

*

கொழும்பு
19.03.2004

அன்புள்ள அக்கா,

முடிந்துவிட்டது. நேற்று முன்தினம். நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி ஆறுதலாக வாசியுங்கள்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க வந்தோம். இவர் வழியெல்லாம் யாஸீன் ஓதிக்கொண்டு வந்தார். நான் றிஸ்பாவை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த அறை குளிர்ந்தது, அக்கா. தலைக்கு மேல் திரைகள். மேனுகா என் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டா. தொடையில் விறைப்பூசி போட்டதற்குப் பிறகு வலியில்லை, ஏதோ அழுத்துவதுதான் தெரிந்தது. நீங்கள் கண்ணை மூடாதே என்றபடியால் மூடவில்லை. ஒரு திரையில் என் நெஞ்சு நிழலாகத் தெரிந்தது. அதற்குள் நூல் போல ஒன்று நெளிந்து வந்தது. பிறகு இன்னொன்று. நாலு நூல்கள். ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய்க் குந்தியது. அது என் இதயம்தான், நான் மூச்சு விட அதுவும் அசைந்தது. பக்கத்துத் திரையில் நிறம் நிறமாகக் கோடுகள். உங்கள் மெசினில் வருவது தெருவில் நின்று வீட்டுக்குள் கேட்கிற கதை. இது குசினிக்குள்ளேயே போய் நின்று கேட்பது.

டொக்டர் சின்ன உருவம், சிங்களவர். புத்தளத்தில் வளர்ந்ததால் அவர் சொல்வது எனக்கு விளங்கும். ஆனாலும் எனக்காகத் தமிழில்தான் பேசினார். “பயப்பட வேணாம். இப்ப கள்ளனைக் கூப்பிடுறது” என்றார்.

கூப்பிட்டார், அக்கா. வயர் வழியாகச் சின்னச் சின்ன மின்சாரத் தட்டுத் தட்டினார். ஒன்று, இரண்டு, பிறகு ஒன்று முந்திக்கொண்டு. டக்! அதே குதிரைப் பாய்ச்சல். கிணற்றடியில் வந்தது, பிள்ளையோடு என்னை விழுத்தியது, அதேதான். “இதுதான்! இதேதான்!” என்று கத்திவிட்டேன். கண்ணீர் காதுக்குள் ஓடியது. மேனுகா பயந்துபோய், “அக்கா, நோகுதோ?” என்றா. “இல்லைப் பிள்ளை, எல்லாரும் பாக்கினம்” என்றேன். அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை வருடமாக நான் மட்டும் சுமந்தது, இப்போது எல்லோர் கண் முன்னாலும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருத்தம் வந்து சந்தோஷப்பட்ட பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வரச்சொல்லி வரவழைத்தவர், இரண்டு தட்டில் நிற்பாட்டியும் விட்டார். இரண்டு மணித்தியாலம் என்னை ஆட்டிவைக்கிற ஒன்றை, விளக்கைப் போட்டு நூர்ப்பது போல!

பிறகுதான் சுடுவது. அதற்கு முன் அந்த நூலின் நுனியை நகர்த்தி நகர்த்தி இடம் தேடினார். மயிரிழை அளவு போவார், கோட்டைப் பார்ப்பார், திரும்பி வருவார். முதல் தரம் சுடத் தொடங்கி நாலு விநாடியில் ‘நிப்பாட்டுங்க’ என்றார். நல்ல பாதைக்குக் கிட்ட இருந்ததாம். இரண்டாம் தரமும் நிற்பாட்டினார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமோ அவசரமோ அந்த முகத்தில் இல்லை. முக்கால் மணித்தியாலம் அந்த மனுஷன் ஒரு அரிசி அளவு இடத்துக்காக நின்றார். பாரமான ஈயச் சட்டை வேறு போட்டிருந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது, இனிக் காணப்போவதுமில்லை. என்றாலும் என் பிள்ளையை நான் திரும்பத் தூக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலவே நின்றார்.

மூன்றாம் தரம் சுட்டபோது நெஞ்சுக்குள் சாதுவான சூடு, தேத்தண்ணி குடித்த மாதிரி. ஒரு நிமிஷம். பிறகு அரை மணித்தியாலம் கள்ளனைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். ஊசியால் மருந்து ஏற்றியும் கூப்பிட்டார். வரவில்லை. “ஆள் இல்லை” என்று சொல்லிவிட்டு அப்போதுதான் முதல் தரம் சிரித்தார். எனக்கு உங்களைத்தான் நினைவு வந்தது. நல்ல வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பதற்கு இவ்வளவு நேரம் எடுப்பார்களா?

வெளியே இவருக்கும் கோடுகளைக் காட்டி விளங்கப்படுத்தினாராம். இவர் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாராம், மேனுகா சொல்லிச் சிரித்தா.

ஆறு மணித்தியாலம் காலை அசைக்காமல் கிடந்தேன். இன்றைக்கு நடந்து திரிகிறேன். தொடையில் நுளம்பு கடித்தது போல ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

தங்கை நபீஸா

*

கிளிநொச்சி
12.04.2004

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை நிலையத்தில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன், வாங்கில் இருந்த நோயாளிகளுக்கும் சேர்த்து. ‘எல்லாரும் பாக்கினம்’ என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். டொக்டர் தவராசா எடுத்து மிச்சத்தை வாசித்தார். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டிய மன்னிப்பையும் அங்கேயே கேட்டேன். நீங்கள் இல்லாததுதான் குறை.

இப்போது படபடப்பு என்று யார் வந்தாலும் வழியில் என்ன குடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். போன கிழமை கனகராயன்குளத்திலிருந்து மயில்வாகனம் என்று ஒருவர் வந்தார். ஆறு வருடமாக ‘நரம்புத் தளர்ச்சி’யாம். நெஞ்சு அடித்தால் குளத்தில் தலையை முக்குவாராம், நின்றுவிடுமாம். அவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். அந்த அரிசி அளவு இடத்துக்காக நின்ற மனிதரை நினைத்தால், நாலு கேள்வி கேட்க நான் சோம்பியது எவ்வளவு பெரிய பிழை என்று தெரிகிறது.

நெஞ்சு சரியாகிவிட்டது. பிள்ளை கைக்கு வந்தாளா? மற்றபடி எப்படி இருக்கிறீர்கள்? மருத்துவக் கேள்வி அல்ல இது.

அக்கா

*

நாச்சிக்குடா
20.06.2004

அன்புள்ள அக்கா,

பிள்ளை என் கையில்தான். நாங்கள் வந்திறங்கிய அன்றே மாமி கொண்டுவந்து தந்தா. “நான் சொன்னதுகளை மனசில வச்சிருக்காதை” என்றா. வைத்திருக்கிறேன், ஆனால் அடியில்.

மூன்று மாதம் ஒரு தரமும் வரவில்லை. குனிகிறேன், நிமிர்கிறேன், வாளி தூக்குகிறேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். “இனி நபீஸாக்கு ஒரு குறையுமில்லை, இஞ்சயே வேர் விட்டிருவாள்” என்று மாமி வருவோர் போவோருக்கெல்லாம் சொல்கிறா. அதைக் கேட்கக் கேட்க எனக்குள் ஒன்று இறுகிக்கொண்டே வந்தது.

நீங்கள் மருத்துவம் இல்லாத கேள்வி கேட்டீர்கள். இரண்டு மாதமாக அதற்கு விடை எழுத முடியாமல் இருந்தேன். முதலில் அதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. நேற்றுப் பகல் சோறு போட்டுவிட்டு முன்னால் இருந்தேன்.

“எனக்கு இஞ்ச இருக்க விருப்பமில்லை” என்றேன். “வந்த நாளிலயிருந்து இல்லை. உம்மா அங்க தனிய. என்ர சிநேகிதிகள், நான் படிப்பிச்ச பள்ளிக்கூடம், எல்லாம் அங்க. வருத்தம் இருக்கேக்க இதைச் சொன்னா வருத்தமும் பொய்யெண்டாகியிருக்கும். இப்ப வருத்தம் இல்லை. அதுதான் சொல்லுறன்.”

அவர் கையில் இருந்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். முதலில் கேட்டது, “நெஞ்சு ஏதும் செய்யுதோ?”

நான் கையை நீட்டினேன். கொழும்பு வோர்டில் இருந்த நாட்களில் இவர் நாடி பிடிக்கப் பழகிக்கொண்டவர். இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். முழு நிமிஷமும் எண்ணினார்.

“எழுபத்திநாலு” என்றார். கையை விடவில்லை. “அப்ப இது வருத்தமில்லை” என்றார்.

“இல்லை” என்றேன்.

எழும்பிக் கை கழுவப் போனவர், தன் வாப்பாவின் கிணற்றடியில் வெகுநேரம் நின்றார். அந்தக் கிணற்றுக்காக அவர் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர், அக்கா. எனக்குத் தெரியும். நான் கேட்டது எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் கேட்டேன். குசினி வாசலில் நின்று அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை, ஆறுதல் சொல்லவும் போகவில்லை.

திரும்பி வந்து தோளில் இருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு, நண்டுப் பெட்டி நிறுக்கும்போது ஆட்களிடம் விலை கேட்கிற அதே குரலில் கேட்டார்:

“புத்தளத்தில நண்டு வாங்கிற ஆக்கள் எந்தப் பக்கம் இருக்கினம்?”

உங்கள் தங்கை
நபீஸா